லண்டனுக்கு ஏற்ற மஞ்சள்

ஒச்சம்மாளின் விரல்கள் வாழைச் சீப்பின் காம்பை மெல்ல வளைத்துப் பார்த்தன. கட்டைவிரல் காயின் முனையை அழுத்தியது. கல்லுப் போலிருந்தது. கைகள் அதைச் சாக்கின்மேல் வைத்துவிட்டு அடுத்த சீப்புக்குப் போயின.

"ஒச்சம்மா, இது கறிக்குல்லே ஆகும். எம் மோளுக்குப் பழம் கேட்டேன்" என்றாள் ஜொஹரா பீவி.

"லண்டன்னு சொன்னீகளே பீவிம்மா. லண்டனுக்கு இதுதான்."

உசிலம்பட்டியிலிருந்து புருஷனோடு பிழைக்க வந்து, கொச்சி மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நேந்திரங்குலை விற்கும் ஒச்சம்மாளுக்குத் தூரம் என்பது நிறம். மைல் கணக்கு தெரியாது. படகில் ஆலுவாய்க்குப் போகும் குலை மஞ்சளாக இருக்கலாம். ரயிலில் பம்பாய்க்கு என்றால் பச்சை வெளுக்கத் தொடங்கிய பதம். கப்பலில் ஏடனுக்குக் கரும்பச்சை. லண்டன் அதற்கும் அப்பால்.

அங்கேதான் ஜொஹராவின் மகள் ஜலீலா இருந்தாள். வியாழக்கிழமை மாலை அவளுக்கு ஏழாம் மாத விருந்து. தாய்வீட்டுப் பழத்தைத்தான் முதல் வாயாக ஊட்ட வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். ஜொஹராவின் தம்பி சலாவுதீன் மிளகுக் கம்பெனி வேலையாக லண்டன் போகிறான். அவன் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.

"கப்பல் இல்லே, பிளேன்" என்றான் கூட வந்திருந்த சலாவுதீன். "நாளைக்கு, புதன் காலையில இங்கேயிருந்து பம்பாய். ராத்திரி அங்கே ஏறினா வியாழன் லண்டன்."

"பம்பாய்லேருந்து எம்புட்டுத் தூரம் தம்பி?"

"நாலாயிரத்து ஐந்நூறு மைல். நடுவுல ரெண்டு மூணு ஊர்ல இறங்கி எண்ணெய் போட்டுத்தான் போகும்."

ஒச்சம்மாளின் கை நின்றுவிட்டது. "ரயில்ல பம்பாய்க்கே மூணு நாளாகுமே. அப்ப லண்டன் பம்பாய்க்கு இங்கிட்டா இருக்கு?"

பக்கத்துக் கடையில் சுக்கு புடைத்துக்கொண்டிருந்த பரீத் சிரித்தார். "ஆமா, நம்ம பக்கத்துத் தோப்பும்படி கழிஞ்சு வலத்துப் பக்கம்."

"நீங்க சுக்கைப் பாருங்க பாய். அது என்னிக்கும் சுக்குதான். என் சரக்குக்கு உசிரு இருக்கு."

இரண்டே நாள் என்றால் பச்சை பழுக்காது. பச்சைச் சீப்புகளை ஒதுக்கிவிட்டு, காய் பழுக்கப் புகைமூட்டம் போட்ட குழியைத் திறந்தாள். பாதி மஞ்சளேறிய சீப்பை எடுத்தாள். உடனே இன்னொன்று தோன்றியது.

"அங்கே குளிருமா தம்பி?"

"பல்லு கிட்டும். இப்ப ஜனவரியில்லே?"

"குளிர்ல பழுக்காதே." கையிலிருந்ததைத் திரும்பக் குழியில் வைத்து, முனையில் மட்டும் பச்சை மிஞ்சிய இரண்டு சீப்பைத் தூக்கினாள்.

ஜொஹராவின் முகம் சுருங்கியது. "இப்பவே முக்காப் பழமாச்சே. போய்ச் சேர்றதுக்குள்ளே கறுத்துட்டா, என் மோளு வாயில எதை ஊட்டுவாங்க?"

"கறுத்திருந்தா இனிமே எங்கிட்டே வாங்காதீக."

வாழைச்சருகால் சீப்புகளைச் சுற்றி, காய்க்குக் காய் பஞ்சு திணித்து, மூங்கில் கூடையில் அடக்கி, வாயைச் சணலால் தைத்தாள். ஏடன் கப்பலுக்குக்கூட அவள் இத்தனை பார்த்துக் கட்டியதில்லை.

"சாமான் அறையில போட்டுறாதீக தம்பி, விறைச்சுப் போகும். மடியிலேயே வச்சுக்கோங்க" என்று இரண்டு கையாலும் கூடையை நீட்டினாள். சலாவுதீன் தோளில் மாட்டியிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, அவனும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.