பால், க்ரீம், சர்க்கரை

போன வாரம் கரியாஹாட்டில் ரவிக்கைத் துணி வாங்கப் போனேன். துணி அமையவில்லை. வெயிலுக்கு ஒதுங்கப் பக்கத்துக் கடைக்குள் நுழைந்தால், அது ஐஸ்க்ரீம் கடை. ஏப்ரன் கட்டிய ஒரு பெண் சின்ன மரக்கரண்டியில் கொஞ்சம் எடுத்து நீட்டி, “சாப்பிட்டுப் பாருங்க மாஷிமா, கெமிக்கல் நேய், ஏக்தம் நேய்” என்றாள். வாங்கி வாயில் போடாமல் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். பாலும் சர்க்கரையும் காய்ந்த வாசனை வந்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியதோ, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

வங்காளத்தில் மாஷிமா என்றால் பெரியம்மா, நேய் என்றால் இல்லை என்று அர்த்தம். உங்களுக்குத் தெரியாவிட்டால் தப்பில்லை. செண்பகத்துக்கும் தெரிந்திருக்கவில்லை. தென்காசியிலிருந்து வங்கி வேலைக்குக் கல்கத்தா வந்து இரண்டாவது வாரம், நான்தான் அவளை இதே கரியாஹாட்டில் ஒரு சந்துக் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் கையை விரித்து “ஐஸ்க்ரீம் நேய்” என்றார். செண்பகம் என் காதருகே குனிந்து, “ஏட்டி, நெய்யில ஐஸ்க்ரீம் போடுதாங்களா? நாறாதா?” என்று கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் தன்னைக் கேலி செய்வதாக நினைத்துக்கொண்டார். விளக்கிச் சொன்னதும் அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவளைப் பார்க்கும்போதெல்லாம், சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலில் “நேய்” என்றுதான் ஆரம்பிப்பார்.

நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். அப்பா ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்டார். என் தமிழில் பாதி வங்காளம், மீதி கான்வென்ட். செண்பகம் அதைத் தமிழென்றே ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் ஒரே நாளில் ஒரே கிளையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தோம். அவள் கரியாஹாட் பக்கம் பெண்கள் விடுதியில் இருந்தாள். எனக்கு லேக் கார்டன்ஸில் வீடு. சனிக்கிழமை அரைநாள். டிராமில் வந்து இறங்கியதும் கால்கள் தாமாகவே அந்தச் சந்துக்குள் திரும்பும்.

கடை என்றா சொன்னேன், ஒரு ஆள் கை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட அந்த மனிதரை எல்லாரும் ஜேட்டு என்பார்கள், பெரியப்பா என்று அர்த்தம். பின்கட்டில் அவர் மனைவி பாலைக் காய்ச்சிக்கொண்டே இருப்பார். ஒரே ஒரு குளிர்பெட்டி. காகிதக் கிண்ணத்தில் வெள்ளையாக ஒரு கட்டி. அவ்வளவுதான் கடையில் உள்ள வகை. பனிக்காலத்தில் மட்டும் ஈச்சவெல்லம் போட்டுப் பழுப்பாக இன்னொன்று. இதில் என்ன போடுகிறீர்கள் என்று செண்பகம் புதிதாகக் கற்ற வங்காளத்தில் கேட்டபோது, “தூத், சினி, ஆர் கீ” என்றார். பால், சர்க்கரை, வேறென்ன. அவளுக்கு அந்த ‘ஆர் கீ’ ரொம்பப் பிடித்துப்போய், வங்கியில் மேனேஜர் எதைக் கேட்டாலும் கடைசியில் ஆர் கீ சேர்த்துப் பதில் சொன்னாள். ஒருமுறை மெமோ வாங்குகிற அளவுக்குப் போனது.

அந்த நாட்களில் மின்வெட்டு வராத மாலை கிடையாது. கரண்ட் போய் அரை மணியில் ஜேட்டுவின் சரக்கு தளர ஆரம்பித்துவிடும். முக்கால் மணியில் பால். அதனால் விளக்கு அணைந்ததும் அவர் கிண்ணங்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, “கேயே நாவ், கேயே நாவ்” என்று போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் திணிப்பார். சாப்பிட்டு விடுங்கள், சாப்பிட்டு விடுங்கள். ரிக்‌ஷாக்காரர், மீன் வாங்கப் போகிற கிழவர், யாரானாலும் சரி. நாங்கள் இருட்டுக்காகவே மெதுவாக நடந்துபோன சனிக்கிழமைகள் உண்டு. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒருநாள் மூன்று கிண்ணம் சாப்பிட்டேன்.

பிறகு எல்லாருக்கும் நடப்பதுதான் எங்களுக்கும் நடந்தது. கல்யாணம், பதவி உயர்வு, வெவ்வேறு கிளைகள். ஜேட்டு போய்ச் சேர்ந்தார், கடை செருப்புக் கடையாயிற்று. செண்பகத்தின் கணவர் சீக்கிரமே தவறிவிட்டார். அவள் மகன் கார்த்திக்கோடும் வங்காளி மருமகள் மௌவோடும் பெஹாலாவில் குடியேறினாள். நாங்கள் ஓய்வுபெற்ற பிறகு தினமும் போனில் பேசினோம். பேசுவதற்கு ஒன்றுமில்லாத நாளில், என்ன காய் என்றாவது கேட்டுக்கொள்வோம்.

சில வருஷங்களுக்கு முன் அவளுக்கு வாயில் புற்று வந்தது. வெற்றிலைகூடப் போடாதவள். கதிர்வீச்சு சிகிச்சை முடிந்த சமயம் கார்த்திக் கூப்பிட்டான். “ஆண்ட்டி, அம்மா ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கறா. வாய் பூரா புண். டாக்டர் டண்டாவா, ஜில்லுன்னு, வழவழன்னு ஏதாவது குடுக்கச் சொல்றார். ஐஸ்க்ரீம் வாங்கினேன், தள்ளிவிட்டுட்டா. நீங்க சொன்னா கேப்பா.”

நான் போனபோது மேஜைமேல் அந்த ஐஸ்க்ரீம் டப்பா திறந்திருந்தது. செண்பகம் பாதியாகியிருந்தாள். பேசும்போது கையால் தாடையைத் தாங்கிக்கொண்டாள்.

“எசென்ஸ் வாடை கொமட்டுதுட்டி. நாக்குல பசை மாதிரி ஒட்டிக்கிட்டு எரியுது. ஜேட்டு கடையில உள்ளது மாதிரி வெறும் பாலா கெடைக்குமா?”

“இதென்ன பிரமாதம், நாளைக்கே கொண்டு வரேன்” என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். நான் கிளம்பும்போது ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். டப்பாவில் இருந்தது உருகவில்லை. ஓரத்தில் கொஞ்சம் நுரைத்துவிட்டு, பஞ்சுபோல அப்படியே நின்றது.

மறுநாள் நானே வீட்டில் செய்தேன். பாலைச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, ஃப்ரீசரில் வைத்து, நடுநடுவே எடுத்துக் கடைந்தேன். என் ருசிக்குப் பிரமாதம். ஆனால் உள்ளே பொடிப்பொடியாக ஐஸ் கட்டியிருந்தது. முதல் கரண்டியிலேயே அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பொடி புண்ணில் கண்ணாடிச் சில்லாகக் குத்தியிருக்கிறது. அப்படியும் அடுத்த கரண்டியை எடுத்தாள். நான்தான் கரண்டியைப் பிடுங்கினேன். கடை மெஷினில் அடித்தால்தான் வழவழப்பு வரும் என்று அன்று புரிந்தது.

அதன்பின் கடைகடையாக ஏறினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டப்பாவை மூக்கருகே பிடித்து, எறும்பு எழுத்தைப் படிப்பேன். பாதி டப்பாக்களில் ஐஸ்க்ரீம் என்ற சொல்லே இல்லை, ஃப்ரோஸன் டெஸர்ட் என்று போட்டிருந்தது. பாலுக்குப் பதில் பனையெண்ணெய். மற்றவற்றில் பால் இருந்தது, கூடவே நானூற்றுப் பன்னிரண்டு, நானூற்று எழுபத்தொன்று என்று எண்கள். அது என்ன எண், எதற்கு என்று கேட்டால் கடையில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு மேனேஜர் நான் பத்தாவது டப்பாவைத் திருப்புவதைப் பார்த்துவிட்டு, “மாஷிமா, ஐஸ்க்ரீம் வாங்க வந்தீங்களா, படிக்க வந்தீங்களா?” என்று வங்காளத்தில் கேட்டார். ஃப்ரீசர் கதவை மூடச் சொல்வதற்கு அது அவருடைய மரியாதையான வழி. ‘இயற்கை’ என்று பச்சை இலை வரைந்த இரண்டு டப்பாக்களை நம்பி வாங்கிப் போனேன். செண்பகம் மோந்து பார்த்துவிட்டே தலையை ஆட்டினாள்.

“வேண்டாம்ட்டி. நீ அலையாத.”

அவள் அப்படிச் சொன்ன நாள்களில் வெறும் சத்துப் பொடித் தண்ணீர்தான் ஆகாரம். அதுவும் எரிச்சலோடு. சிகிச்சை, ரிப்போர்ட், டாக்டர் எல்லாம் கார்த்திக் பார்த்துக்கொண்டான். எனக்கு விட்டிருந்தது இந்த ஒன்றுதான். அது என்னால் முடியவில்லை.

ஒன்பதாம் நாள், என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, புதிதாகத் திறந்த ஒரு சின்னக் கடையில் கிடைத்தது. ஊரெல்லாம் சுற்றிவிட்டு லேக் கார்டன்ஸிலேயே. டப்பாவின் பின்புறம் ஒரே வரி: பால், க்ரீம், சர்க்கரை. அடுத்த பக்கம் இருக்குமோ என்று திருப்பினேன். இல்லை. பரீட்சை ரிசல்ட்டில் நம்பரைத் தேடுகிறவள்போல மறுபடி மறுபடி படித்தேன். கடைக்காரப் பெண்ணுக்கு நான் எதற்கு நன்றி சொல்கிறேன் என்றே விளங்கவில்லை.

செய்தித்தாளில் சுற்றி, துண்டில் சுற்றி, டாக்சி பிடித்தேன். பெஹாலா நுழையுமுன்பே சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டி நின்றது. முன்னால் லாரி, பின்னால் பஸ். சித்திரை வெயில். மடியில் துண்டு ஈரமாவது தெரிந்தது. டிரைவரிடம் வேறு வழி இருக்கிறதா என்று கேட்டேன். “பறந்தால் உண்டு” என்றார். மற்ற டப்பாவாக இருந்தால் சாயங்காலம்வரை நின்றிருக்கும். இதில் நிற்க வைக்க எதுவும் போடவில்லை. நான் தேடித்தேடிக் கண்டுபிடித்தது இதைத்தான்.

போய்ச் சேர்ந்தபோது டப்பாவுக்குள் குளிர்ந்த பால் இருந்தது. ஃப்ரீசரில் வைக்கிறேன் என்று மௌ கை நீட்டினாள். செண்பகம் விடவில்லை.

“குடு. அப்படியே குடிக்கேன்.”

கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். மூன்று, நான்கு. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது கரண்டிக்குப் பிறகு கையைக் காட்டி நிறுத்தினாள்.

“எரியலை” என்றாள். பிறகு, “ருசி ஒண்ணும் தெரியலைட்டி. நாக்கு செத்துப் போயிட்டு. சில்லுன்னு எறங்குது, அவ்வளவுதான்.”

கரண்டியை டப்பாவில் போட்டேன்.

“நீ குடிச்சுப் பாத்துச் சொல்லு. ஜேட்டு கடை மாதிரி இருக்கா?”

குடித்துப் பார்த்தேன். இருந்ததா இல்லையா என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. நாற்பது வருஷத்துக்கு முந்தைய ருசியை எதோடு வைத்துப் பார்ப்பது? அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

“பால் மாதிரி இருக்கு” என்றேன்.

அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இத்தனை வருஷம் பேங்குல லெட்டர் எழுதுனவ. பால் மாதிரி இருக்காம்.”

அடுத்த நாளே ஒரு தெர்மோகோல் பெட்டி வாங்கினேன். ஒருநாள் விட்டு ஒருநாள் கொண்டுபோனேன். சில நாள் பாதி உருகியிருக்கும், சில நாள் முழுக்க. அவள் பத்துக் கரண்டிவரை வந்தாள். கொஞ்சம் தெளிச்சியாகக்கூட இருந்தாள். துர்கா புஜோவுக்கு என்ன புடவை எடுக்கலாம் என்று பேசினாள். எனக்கு அசட்டு நம்பிக்கை வந்துவிட்டது. டாக்டர் சொன்னது வேறு, அதைக் கார்த்திக் என்னிடம் சொல்லவில்லை.

ஒரு காலை, பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

“ஆண்ட்டி, இன்னிக்கு ஐஸ்க்ரீம் வேண்டாம்” என்றான் கார்த்திக். அதற்குமேல் அவனுக்குத் தமிழ் வரவில்லை. பெட்டியோடுதான் பெஹாலா போனேன். வீட்டில் வைத்துவிட்டுப் போகவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அங்கே யாரோ அதை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தார்கள்.

கார்த்திக்குக்குப் புனேயில் வேலை கிடைத்து, வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டான். கெமிக்கல் இல்லாத ஐஸ்க்ரீம் இப்போது தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. செல்போனில் தட்டினால் பத்து நிமிஷத்தில் வீட்டு வாசலுக்கே வருகிறது. பெஹாலாவுக்கு மெட்ரோவும் வந்துவிட்டது. லேக் கார்டன்ஸில் லோக்கல் ரயில் ஏறி மாஜேர்ஹாட்டில் மாறினால் சீக்கிரமே போய்விடலாம், ஏசி வண்டி, உட்காரவும் இடம் கிடைக்கிறதாம். எனக்குத்தான் அங்கே போய் இறங்க ஒரு வீடு இல்லை.