மாடி வீட்டம்மாவின் சாட்சி

என் தங்கச்சிக்கு ஒரு வியாதி உண்டு. எந்த டாக்டர்கிட்டயும் காட்ட முடியாத வியாதி. நின்ன இடத்துலயே நின்னுக்கிட்டு வேற எங்கேயாவது போயிடுவா. அடுப்புல பால் பொங்கும், அவ பக்கத்துலதான் நிப்பா, ஆனா அங்க இருக்க மாட்டா. "அடியே!"ன்னு நான் ஒரு சத்தம் போட்டாத்தான் திரும்பி வருவா. வந்து, "பால் பொங்கிடுச்சா அக்கா?"ன்னு என்னையே கேப்பா. எனக்கு எங்கிருந்துதான் வருமோ அப்படி ஒரு கோபம்.

நாங்க ரெண்டு பேரும் ஒரே வீடு. முன் அறையில என் தையல் மெஷின், பின்னாடி குடித்தனம். சட்டக் கல்லூரி பக்கத்துத் தெருவுலேயே இருக்கறதால வக்கீல் கோட்டும் அங்கியும் தைச்சே என் பொழைப்பு ஓடுது. அவ ஒரு பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கறா. வாசல் மேஜையில உக்காந்து டோக்கன் குடுத்து, ஆளைக் கூப்பிடணும். அவ முதுகுக்குப் பின்னாடி அலமாரி நிறைய பிளாஸ்டர்ல வார்த்த பல்வரிசை. யாரும் இல்லாதப்போ அதையே பாத்துக்கிட்டு இருப்பாளாம். "ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி சிரிக்குது அக்கா"ன்னு கிராம்புத் தைல வாசனையோட வந்து சொல்லுவா. கேட்டா எனக்கு ராத்திரி சோறு இறங்காது.

அவளுக்குக் கல்யாணம் ஆச்சு, நிலைக்கல. அதை நீட்டி முழக்க எனக்கு இஷ்டமில்ல. ஆனா விவாகரத்துக்காகப் போன கோர்ட்டுல நடந்ததை மட்டும் சொல்லணும். அந்தப் பக்கத்து வக்கீல் இவளைப் பத்தி என்னென்னமோ அடுக்கினார். இவ வக்கீலும் பதிலுக்கு ஏதோ படிச்சார். கடைசியில ஜட்ஜ் இவளைப் பாத்து, "நீங்க ஏதாவது சொல்லணுமா?"ன்னு கேட்டார். இவ தலையை ஆட்டினா. அது ஆமாவா இல்லையான்னு யாருக்கும் புரியல. அடுத்த கேஸைக் கூப்பிட்டுட்டாங்க. வெளியே வந்து படியில உக்காந்தவ, "எனக்குச் சொல்ல இருந்துச்சு அக்கா"ன்னா. அடுத்த வருஷமே சாயங்கால சட்ட வகுப்புல போய்ச் சேர்ந்துட்டா.

படிப்பு ஒரு பக்கம். அந்தக் கல்லூரியில மாணவர்கள் நடத்துற சங்கம் இருக்கே, அப்பப்பா! அறிவிப்புப் பலகையில கலர் கலரா காகிதம் ஒட்டியிருப்பாங்க. விவாத மன்றம், இலவச சட்ட உதவிக் குழு, சுவர்ப் பத்திரிகை, பாட்டுக் குழு, மாதிரி நீதிமன்றக் குழு. இவ ஒண்ணு விடாம எல்லாத்துலயும் சேர்ந்தா. விவாத மன்றத்துல நேரம் முடிஞ்சா மணி அடிக்கிற வேலை இவளுக்கு. சுவர்ப் பத்திரிகைக்குப் பசை தடவினா. பாட்டுக் குழுவுல பின் வரிசையில நின்னு உதட்டை அசைச்சா. "வாயைத் திறந்து பேசத்தானே போனே, பசை தடவவா போனே?"ன்னு நான் கேட்டேன். "எல்லாம் பேசுறதுக்குப் பக்கத்துல இருக்கற வேலைதானே அக்கா"ன்னா. இவளை என்ன பண்றது சொல்லுங்க.

ஆனா மாதிரி நீதிமன்றக் குழுவுலதான் அவ உசிரே இருந்துச்சு. இட்டுக்கட்டின ஒரு கேஸை எடுத்துக்குவாங்க. ஒரு அணி குற்றம் சாட்டும், ஒரு அணி எதிர்த்து வாதாடும், மாணவர்களே வக்கீல், மாணவர்களே சாட்சி. இவளை எப்பவும் சாட்சியாத்தான் போட்டாங்க. ஏன்னா இவ கூண்டுல ஏறினா நிஜ ஆளாவே மாறிடுவா. வழிப்பறி கேஸுல அழுதா, எதிர் அணிக்காரனே தண்ணி கொண்டு வந்து குடுத்தானாம். அதுல இருந்து பேரே 'சாட்சி அக்கா'ன்னு ஆயிடுச்சு. இவளுக்கு ஆசை என்னவோ அது இல்ல. கடைசியில கோட்டுப் போட்டுக்கிட்டு எழுந்து, கேஸை மொத்தமாச் சொல்லி முடிக்கிற அந்தத் தொகுப்புரை. ஒரு தடவை அதைப் பேசிடணும், வேற எதுவும் வேண்டாம்னு என்கிட்ட வாய்விட்டே சொல்லியிருக்கா.

குழுவோட தலைவி ஒரு சின்னப் பொண்ணு. கெட்டிக்காரி. அவ குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும், அதனால எல்லாரும் மைக்னுதான் கூப்பிடுவாங்க. தொகுப்புரையை எப்பவும் மைக்தான் பேசுவா. ஆனா இவளுக்குக் கடைசி வருஷம் வந்தப்போ, "இறுதிப் போட்டியில நீங்களே பேசுங்கக்கா"ன்னு வாக்குக் குடுத்துட்டா. அன்னிக்கு இவ வீட்டுக்கு நடந்து வரல, மிதந்து வந்தா. நான் புதுசா ஒரு கோட்டு வெட்டினேன். தோள்பட்டையில மட்டும் மூணு தடவை பிரிச்சுத் தைச்சேன், அவளுக்குத் தோளைக் கூனிக்கிட்டு நிக்கிற பழக்கம்.

அப்புறம் வழக்கமான வினை. சாட்சியா நடிக்க வேண்டிய பொண்ணுக்கு அம்மை போட்டுடுச்சு. "சாட்சியும் நீங்களே ஆகிடுங்கக்கா. கூண்டுல இருந்து இறங்கி, கோட்டைப் போட்டுக்கிட்டுத் தொகுப்புரையும் பேசுங்க, விதியில இடம் இருக்கு"ன்னா மைக். இவ சரின்னு தலையை ஆட்டிட்டு வந்தா.

கேஸ் இதுதான். ஒரு பஞ்சுக் கிடங்கு தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு. வேலையை விட்டு நீக்கப்பட்ட காவலாளிதான் கொளுத்தினான்னு குற்றச்சாட்டு. நம்ம அணி குற்றம் சாட்டுற அணி. சாட்சி, கிடங்குக்கு எதிர் வீட்டு மாடியில குடியிருக்கற ஒரு அம்மா. 'சம்பவத்தன்று சாயங்காலம் காவலாளியைக் கிடங்கு வாசலில் பார்த்தவர்.' கேஸ் கட்டுல அந்த அம்மாவைப் பத்தி இருந்தது இவ்வளவுதான்.

இவளுக்கு அது போதுமா? மாடி வீட்டுக்குக் குடியே போயிட்டா. நான் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கிட்டு இருப்பேன், இவ எதிர்ல உக்காந்து, "அந்த வீட்டுல குழாய் ஒழுகுது அக்கா, கீழே பித்தளைக் குண்டான் வெச்சிருக்காங்க"ன்னுவா. "நம்ம வீட்டுக் குழாயும்தான் ஒழுகுது, அதைக் கொஞ்சம் பாரு தாயே"ன்னு நான் கத்துவேன். காதுல விழாது. மாடி வீட்டம்மாவுக்கு முட்டி வலி, படி இறங்க மாட்டாங்க. பூனை ஒண்ணு இருக்கு, அது அவங்களோடது இல்ல. சாயங்காலம் ஆனா வெளிச்சம் சுவர்ல கொஞ்சம் கொஞ்சமா மேலே ஏறிப் போகும், அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாங்க. நாளடைவுல எனக்கே அந்த வீடு பழகிப் போச்சு. ஊசியில நூல் கோக்கும்போது, பூனைக்கு இன்னிக்கு யாரு பால் வெச்சாங்களோன்னு நினைச்சுட்டு, சீன்னு என் தலையிலயே தட்டிக்கிட்டேன்.

இங்க ஒண்ணு சொல்லணும். கட்டுல இல்லாத எதையாவது எதிர் வக்கீல் கேட்டா, சாட்சி 'ஞாபகம் இல்லை'ன்னு சொல்லித் தப்பிச்சுக்கணும். அதுதான் அந்தக் குழுவுல முதல் பாடம். ஏன்னா கூண்டுல சொன்னது சொன்னதுதான். பின்னாடி 'அது கட்டுல இல்லையே'ன்னு யாரும் மாத்த முடியாது. இவளுக்கு இது தெரியாதா? புதுசா வர்ற பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறவளே இவதான்.

இறுதிப் போட்டி ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். பெரிய கூடம், உசரத்துல ஜன்னல், வெயில் பலகை பலகையா இறங்கிக் கிடந்தது. ஓய்வு பெற்ற நீதிபதியம்மா ஒருத்தர் மேடையில உக்காந்திருந்தாங்க. நான் நடு வரிசையில கோட்டை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

இவ கூண்டுல ஏறினா. முட்டியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஏறினா. மைக் கேட்ட கேள்விக்கெல்லாம் கட்டுல இருக்கறபடியே பதில் சொன்னா. ஆனா அந்தக் குரல்ல என்ன இருந்துச்சோ, கூடத்துல நிஜமாவே சாயங்காலம் ஆயிட்ட மாதிரி எல்லாரும் அடங்கிட்டாங்க.

எதிர் வக்கீல் ஒரு ஒல்லிப் பையன். எழுந்து, ரொம்ப மரியாதையா, "ஏம்மா, உங்க மாடியில இருந்து பாத்தா கிடங்கு வாசலை நடுவுல எதுவும் மறைக்காதா?"ன்னு கேட்டான்.

கட்டுல இல்லாத கேள்வி. ஞாபகம் இல்லைன்னு சொல்லுடி, சொல்லுடின்னு நான் உள்ளுக்குள்ள அடிச்சுக்கறேன். இவ கண்ணை மூடினா. அந்த ஜன்னல்கிட்ட போய் நின்னு பாத்தா. எனக்குத் தெரியும், போயிட்டா.

"மரம் இருக்கு தம்பி"ன்னா. "போன மழைக்குக் கிளை நல்லா இறங்கிடுச்சு. வெட்டச் சொல்லியாச்சு, யாரும் வரல."

"அப்போ நீங்க பாத்த ஆளோட முகம்?"

"முகம் தெரியல. சட்டை தெரிஞ்சுது. நடை தெரிஞ்சுது. அவன்னு நினைச்சுக்கிட்டேன்."

கூடத்துல ஒரு சலசலப்பு. ஒல்லிப் பையனுக்கே நம்ப முடியல, நன்றிகூடச் சொல்லாம உக்காந்துட்டான்.

இடைவேளையில மைக் இவளை நடைவழிக்கு இழுத்துக்கிட்டுப் போனா. நானும் பின்னாடியே ஓடினேன். "மரத்தை யாருக்கா நட்டது?"ன்னு கேட்டா. பாவம், கண்ணுல தண்ணி நின்னுது அந்தப் பொண்ணுக்கு. "எங்கே இருந்து வந்துச்சு அந்த மரம்?"

"நான் நடலம்மா. அங்க இருந்துச்சு"ன்னா இவ.

மைக் முகத்தைத் துடைச்சுக்கிட்டா. "சரி, போனது போகட்டும். தொகுப்புரையில அடிச்சு ஆடுங்க. நடையே போதும், பழகின ஆளை நடையை வெச்சே கண்டுபிடிச்சிடலாம்னு சொல்லுங்க. காவலாளி குடிசையில மண்ணெண்ணெய் டப்பா கிடந்ததுன்னு கட்டுல இருக்கே, அதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்க. மரத்தை யாரும் நினைக்கவே கூடாது. ஜெயிச்சிடலாம். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் பேசிக்கறேன்."

"நான் பேசறேன்"னா இவ. நான் கோட்டை மாட்டி விட்டேன். தோள் நிமிர்ந்து இருந்துச்சு. "உளறாம பேசிட்டு வா"ன்னேன். வேற நல்ல வார்த்தை எனக்கு வாயில வரல.

எழுந்து நின்னா. பேச ஆரம்பிச்சா. ஐயோ, என்ன பேச்சு! தீ எப்படிப் பிடிச்சுது, எரியுற பஞ்சு எப்படிச் சத்தமே இல்லாம மேலே பறந்து தெருவெல்லாம் இறங்குச்சு, வேலை போன ஒருத்தன் மேல ஊரு எப்படிச் சுலபமா விரலை நீட்டுச்சு, எல்லாத்தையும் நிதானமா, ஒரு வார்த்தை தடுக்காம சொன்னா. அன்னிக்குக் கோர்ட்டுல தலையை மட்டும் ஆட்டினவளா இவ? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு.

அப்புறம் கொஞ்சம் நிறுத்தினா. "மண்ணெண்ணெய் டப்பா எல்லார் வீட்டுலயும் இருக்கும்"ன்னா. "மாடி வீட்டம்மா அந்த முகத்தைப் பாக்கல. வேற யாரும் பாக்கல. இவரைத் தண்டிக்கணும்னு கேக்கத்தான் நான் வந்தேன். கேக்க மாட்டேன். இவரை விட்டுடுங்க."

மைக் மேஜையில தலையைக் கவுத்துக்கிட்டா. நீதிபதியம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு, "நீங்க எந்தப் பக்கம்னு ஞாபகம் இருக்காம்மா?"ன்னு கேட்டாங்க.

"இருக்கும்மா"ன்னு சொல்லிட்டு உக்காந்தா.

கோப்பை எதிர் அணிக்குப் போச்சு. நம்ம அணியில ஒருத்தரும் இவகிட்ட முகம் குடுத்துப் பேசல. கை தட்டினது யாருன்னு கேட்டா, நான் ஒருத்திதான். அதுவும் பாதியில நிறுத்திட்டேன், எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

நடந்து வர்றப்போ எனக்கு அடக்க முடியல. "உனக்குப் புத்தி இருக்கா? வருஷக்கணக்கா மணி அடிச்சு, பசை தடவி, தவம் கிடந்து ஒரே ஒரு தடவை வாய்ப்பு வந்துச்சு. அதைக் கொண்டு போய் யாருக்குடி குடுத்தே? காகிதத்துல இருக்கற ஒருத்தனுக்கு! அவனுக்கு ஒரு பேருகூடக் கிடையாதுடி!" தெருவுல போறவங்க பாக்கறாங்க, நான் பாட்டுக்குக் கத்தறேன். "உனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா? இனிமே எங்க பேசப் போறே நீ?"

திரும்பிப் பாத்தா, வழக்கம் போல இங்க இல்ல அவ. ரெண்டு கையையும் கோட்டுப் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு, எங்கேயோ பாத்துக்கிட்டே நடந்து வந்தா. கொஞ்ச தூரம் வந்தப்புறம் மெதுவா என் கையைப் பிடிச்சா.

"அக்கா, விட்டிருப்பாங்கல்ல? இந்நேரம் அவன் வீட்டுக்குப் போயிருப்பான்ல?"

இவ கன்னத்துல ஒண்ணு வைக்கணும்னுதான் கையை உருவினேன். கை போகல.

"போயிருப்பான்டி"ன்னேன். "போய்ச் சேர்ந்து, கை கால் கழுவிட்டு, வாசல்லயே உக்காந்திருப்பான்."