ராசிபுரத்தில் எனக்காகக் குறைத்துச் சொன்ன வலி

பிசியோதெரபியில் முதுகலை, அதாவது எம்.பி.டி., படிக்க விரும்புகிறவர்கள் எனக்கு எழுதும்போது பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான். ஆய்வேட்டுக்காக நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறதே, எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும்? சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல், சேந்தமங்கலம் என்று நான் சுற்றிவந்த ஒரு வியாழக்கிழமையைப் பற்றி எழுதினாலே பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும். இத்தனை மாதம் எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணமில்லை. வெட்கம்தான்.

எங்கள் வீடு அயோத்தியாப்பட்டணத்தில். இளங்கலை முடித்து ஆறு வருடம் சேலத்தில் ஒரு கிளினிக்கில் இருந்தேன். வருகிறவர்களின் முழங்காலுக்கும் கழுத்துக்கும் கரண்ட் வைத்து வைத்து அலுத்துப்போய்த்தான் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தேன். (விண்ணப்பிக்கிறவர்கள் கவனத்துக்கு: ஒவ்வொரு வருட மதிப்பெண் பட்டியலும் இன்டர்ன்ஷிப் முடித்த சான்றும் அசலாகக் கையில் இருக்கட்டும். எனக்கு இன்டர்ன்ஷிப் சான்று கிடைக்கவே மூன்று வாரம் அலைச்சல்.) நேர்காணலில் ஏன் மறுபடி படிக்க வருகிறீர்கள் என்று கேட்டார்கள். "தறி ஓட்டுறவங்க இடுப்பு வலியை யாரும் கண்டுக்கிறதில்லை, நான் அதைத்தான் செய்யப்போறேன்" என்றேன். இடம் கிடைத்தது. அந்தப் பதிலை வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக் காட்டினேன்.

இரண்டாம் வருடம் ஆய்வு தொடங்கியது. ராசிபுரத்தில் விசைத்தறிக்குப் போகிறவர்கள் நிறைந்த ஒரு தெருவையும் சேந்தமங்கலம் பக்கம் சிலரையும் பிடித்தேன். பாதிப் பேருக்கு வழக்கமான உடற்பயிற்சி, மீதிப் பேருக்கு நான் அமைத்த பயிற்சி. ஒவ்வொரு முறை போகும்போதும் வலிக்கு ஒரு எண் சொல்லச் சொல்வேன். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. முதலில் எட்டு சொன்னவர்கள் இரண்டு மாதத்தில் மூன்றுக்கு இறங்கினார்கள். "இவ்வளவு நல்லா வருமா?" என்று என் வழிகாட்டிப் பேராசிரியை ஒருமுறை கேட்டார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசி அளவெடுப்புக்கு ஞாயிற்றுக்கிழமை வருவதாகத் தெருவில் சொல்லியிருந்தேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் தேதியைக் கல்லூரி முன்னால் கொண்டுவந்துவிட்டதால், யாரிடமும் சொல்லாமல் வியாழக்கிழமையே கிளம்பினேன்.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை ஏழு மணிக்கு நாமக்கல் பஸ் ஏறினேன். இங்கே ஒரு எச்சரிக்கை. நாமக்கல் பஸ்கள் பல ராசிபுரம் ஊருக்குள் போகாது. "கேட்டுல எறங்கிக்கறீங்களா? உள்ள போகாதுங்க" என்று நடத்துநர் கேட்டால் அது ஆண்டகளூர் கேட். அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் டவுன் பஸ்ஸில் போக வேண்டும், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மல்லூர் தாண்டியதும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் ஜவ்வரிசி ஆலைகளின் காயும் களங்கள் வெள்ளை வெளேரென்று தெரியும். மரவள்ளி புளிக்கும் வாடையும் கூடவே வரும், கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு நன்றாக வந்திருக்கிறது என்ற நினைப்பில் எனக்கு அன்று அந்த வாடைகூடத் தெரியவில்லை.

எட்டரை மணிக்கு ஈஸ்வரி அக்கா வீட்டு வாசலில் நின்றேன். ஐம்பதை நெருங்கும் வயது. என் பயிற்சியில் எல்லாரையும்விட வேகமாகத் தேறியவர். கதவு திறந்திருந்தது. பாயில் குப்புறப் படுத்திருந்தார். அவர் கணவர் பழனிசாமி அண்ணன் துணியில் கட்டிய சூடான உப்பை அவர் இடுப்பில் ஒற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அக்கா எழப் பார்த்தார், முடியவில்லை. சுவரைப் பிடித்து முழங்கால் வரைக்கும்தான் வந்தார்.

"வாங்க சாமி. ஞாயித்துக்கெழமதான வாரேன்னீங்க?"

"எந்திரிக்காதீங்க அக்கா. என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. நேத்து தறியில பாவு உருளை தூக்குனதுல லேசாப் புடிச்சுக்கிச்சு."

பழனிசாமி அண்ணன் உப்பு முடிச்சைக் கீழே வைத்தார். "இனி என்னத்துக்கு மறைக்கறது? சொல்லிரு" என்றார். பிறகு அவரே தொடர்ந்தார். "தெனமும் இப்படித்தானுங்க. நீங்க வர்ற அன்னைக்கு மட்டும் வெள்ளனே போயி வலிக்கு ஒரு ஊசி போட்டுக்குவா. அப்பத்தான் நீங்க சொல்ற மாதிரி குனிஞ்சு நிமிர முடியும்."

"எப்போருந்து?"

"மொதல்ல இருந்தேங்க."

ஏன் என்று கேட்டேன். அக்கா பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்கதான கண்ணு சொன்னீங்க, உங்களுக்கு வலி கொறஞ்சாத்தான் எம் படிப்பு நல்லபடியா முடியும்னு. இத்தன வருசம் வேலைக்குப் போயிட்டு மறுக்காப் படிக்க வந்த புள்ள. நம்மளால மார்க்கு கொறஞ்சு போகக்கூடாதுன்னு தெருவுல பேசி வெச்சுக்கிட்டோம்."

"எல்லாருமா?"

"எல்லாரும் ஊசி போடலீங்க. எண்ண மட்டும் கொறச்சுச் சொன்னாங்க."

நான் அப்படிச் சொன்னது உண்மை. முதல் நாள் டீ குடித்துக்கொண்டே சிரித்துச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அது எனக்கு மறந்துவிட்டது. அவர்களுக்கு மறக்கவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவின் காலைச் சோதித்துப் பார்த்தேன். இரண்டு கால் பெருவிரல்களையும் மேலே தூக்கச் சொன்னேன். வலது விரல் எழுந்தது, இடது அப்படியே கிடந்தது. மரத்துப்போகிறதா என்றதற்கு, ஒரு மாதமாகவே செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரிவதில்லை என்றார். நரம்பு நசுங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். முதல் வருட மாணவிகூடக் கண்டுபிடிப்பாள். நானோ மாதக்கணக்கில் வந்துபோய், எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் குனியுங்க அக்கா" என்று சொல்லியிருக்கிறேன்.

பஸ்ஸில் உட்காரும் நிலையில் அவர் இல்லை. நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்கு வாடகைக் கார் பிடித்தோம். இருபத்தெட்டு கிலோமீட்டர், ஆயிரம் ரூபாய். பின் சீட்டில் அக்காவைச் சாய்த்துப் படுக்க வைத்தோம், அவர் தலையை அண்ணன் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் முன்னால் உட்கார்ந்தேன்.

"நீங்க டாக்டருங்களா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அக்கா சொன்னார். "எங்க டாக்டருங்க. வாராவாரம் ஊடு தேடி வந்து பாத்துக்குவாங்க. யாரு வருவாங்க அந்த மாதிரி?"

"நல்லதுங்க" என்றார் ஓட்டுநர். புதுச்சத்திரம் தாண்டி நாமக்கல் மலைக்கோட்டை தெரிகிறவரை நான் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. அழுதால் அக்கா பயந்துவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன்.

ஸ்கேன் எடுத்து, டிஸ்க் நரம்பை அழுத்துகிறது என்றார்கள். உடனே அறுவை வேண்டாம், முழு ஓய்வும் மருந்தும் தந்து பார்க்கலாம் என்று உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். மதியம் இரண்டாகியிருந்தது. சேலம் திரும்பாமல் சேந்தமங்கலத்துக்கு டவுன் பஸ் ஏறினேன். பதினொரு கிலோமீட்டர்தான். கொல்லிமலை கிட்டக் கிட்ட வந்து பஸ்ஸின் முன்கண்ணாடியை நிறைத்துவிடும். சும்மா போகிறவர்களுக்கு அழகான பாதை.

அங்கே முருகேசன் என்று ஒருவர் இருந்தார், அவரும் தறி ஓட்டுகிறவர். வாராவாரம் வலி ஏழு, ஏழு என்றே சொன்னவர். "பயிற்சிகளைச் சரியாகச் செய்யவில்லை" என்று காரணம் எழுதி அவரை ஆய்விலிருந்து நீக்கியிருந்தேன். வீட்டு வாசலிலேயே பார்த்துவிட்டேன். நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, ஒருமுறை முறையாகச் சோதித்துப் பார்க்கட்டுமா என்றேன்.

"வேண்டாமுங்க. நான் தெனமும் செஞ்சேன். நீங்க நம்பல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நிறுத்தம் வரை தனியாக நடந்து வந்தேன்.

நான்கு நாளும் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் மட்டும்தான் இதைச் சொன்னேன். இருக்கிற எண்களையே சமர்ப்பித்துவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றாள். ஒரு இரவு முழுக்க அதையும் யோசித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை பேராசிரியை அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முதல்ல அந்தம்மா கால் எப்படி இருக்கு?" என்றார். ஆய்வைப் பற்றி அதன் பிறகுதான் பேசினார். எனக்கு ஆறு மாதம் தள்ளிப்போனது. அளவுகளை என்னைத் தெரியாத வேறொருவர் போய் மறுபடி எடுத்தார். என் பயிற்சிக்கும் வழக்கமான பயிற்சிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலுமே வலி அதிகம் குறையவில்லை. நடந்தது முழுவதையும் ஆய்வேட்டில் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டே கேள்வி கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. தேர்ச்சி போட்டார்கள்.

போகப்போகிறவர்களுக்கு என் ஆலோசனை இவ்வளவுதான். வீடு தேடிப் போங்கள், செலவு பெரிதில்லை. கார் எடுக்காவிட்டால் இந்தச் சுற்று முழுவதும் சாப்பாட்டோடு இருநூறு ரூபாய்க்குள் முடியும். எண்ணைக் கேட்கும் வேலையை வேறொருவரிடம் கொடுங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள், விளையாட்டாகக்கூட. என்ன எண் சொன்னாலும், போகும்போதெல்லாம் காலைத் தொட்டுப் பாருங்கள்.

பட்டம் வந்த பிறகு இனிப்பு வாங்கிக்கொண்டு ராசிபுரம் போனேன். அக்காவின் விரல் பெருமளவு தேறிவிட்டதாக ஏற்கனவே போனில் சொல்லியிருந்தார்கள். வீட்டில் இருப்பார் என்று நினைத்தேன். "வேலைக்குப் போறாளுங்க, ரெண்டு வாரமாச்சு. வேற என்ன பண்றது?" என்றார் அண்ணன். தறிக்கொட்டகைக்கு வழி கேட்டுப் போனேன். இத்தனை மாத ஆய்வுக்குப் பிறகு அதற்குள் நான் நுழைந்தது அன்றுதான். சத்தத்தில் காது அடைத்தது. அக்கா தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துவிட்டுக் கை அசைத்தார். தறியை விட்டு வர முடியாது, ஷிப்டு முடியட்டும் என்று சைகை காட்டினார். காத்திருந்தேன். அரை மணி நேரத்துக்குள் என் இடுப்பு வலிக்க ஆரம்பித்தது. எங்காவது உட்காரலாம் என்று சுற்றிலும் பார்த்தேன். தறிகள் இருந்தன, தறிகளுக்கு நடுவே ஆட்கள் நின்றார்கள். ஒரு ஸ்டூல்கூட இல்லை.