அழகாகத் தைத்த கால்

துக்கம் கேட்க வந்த எல்லோரும் டாக்டரைப் பெரிய வீரர் என்றார்கள். மகள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவள் பம்புகளைப் பழுது பார்க்கும் இன்ஜினியர். ஓர் இயந்திரத்தைப் பற்றி யாராவது இப்படி அளந்துவிட்டிருந்தால், கழற்றிக் காட்டச் சொல்லியிருப்பாள். அப்பாவைக் கழற்ற முடியாது.

அந்த வீரர் ரத்தத்தைக் கண்டால் வியர்த்துப்போகிறவர். பல்கலைக்கழகத்தில் பதினோரு வருடம் படித்து, பெயரைவிட நீளமான பட்டங்களை வாங்கி, கடைசியில் தோல் வைத்தியத்தைப் பிடித்துக்கொண்டதே அதனால்தான். செருப்புக் கடைக்கு மேலே கிளினிக். கல்யாணம் நிச்சயமான பெண்களின் பருக்கள், மேலதிகாரிகளின் வழுக்கை. அவர் மச்சம் எடுத்தால் தழும்பு தெரியாது. ஊரில் அவருக்கு இருந்த பேரே அதுதான்.

போர் வந்தது. அது அறுவை மருத்துவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வெளிநாட்டில் மாநாடு வந்தது. தோல்காரரின் பலகையிலும் 'டாக்டர்' என்றுதான் எழுதியிருந்தது, போதாதா? ராணுவ வண்டி வந்து அவரை அள்ளிக்கொண்டு போனது.

மருத்துவ முகாம், ஒரு மரச்சாமான் கடையின் கீழ்த்தளம். விலைச்சீட்டுத் தொங்கிய சாப்பாட்டு மேசைதான் ஆபரேஷன் மேசை. முதல் நாள் டாக்டர் இரண்டு முறை மயங்கி விழுந்தார்.

"இந்தக் கட்டில் அடிபட்டவங்களுக்கு டாக்டர், உங்களுக்கு இல்ல," என்று நர்ஸ் எழுப்பி விட்டார்.

போகப்போக மயக்கம் நின்றது. பழக்கம் நிற்கவில்லை. எந்தக் காயத்தையும் தழும்பு தெரியாமல் மூடிவிடும் பழக்கம்.

ஆம்புலன்ஸ் ஓட்டியவரை 'ஹாரன்' என்பார்கள். வண்டியில் ஹாரன் கெட்டுப்போனதால் வாயாலேயே கத்திக்கொண்டு வருவார். ஒரு மதியம் அவரையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது கெண்டைக்காலில் குண்டுச் சிதறல், மண், கால்சட்டைத் துணி. டாக்டர் கழுவினார். இருப்பதிலேயே மெல்லிய நூலை எடுத்தார்.

"இது என்ன கல்யாணப் பொண்ணு மூஞ்சியா? வெளிய எத்தனை பேர் கிடக்காங்க, பாருங்க!" என்றார் நர்ஸ்.

"இருங்கம்மா. ஓரம் சேரணும்."

"என் கல்யாணச் சட்டைக்குக்கூட இவ்வளவு நெருக்கமா தையல் போடல டாக்டர்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார் ஹாரன்.

அழுக்கேறிய போர்க்காயத்தை உடனே தைத்து மூடக் கூடாது. திறந்தே விட வேண்டும். உள்ளே இருப்பது வெளியே வர வழி வேண்டும். பாடப் புத்தகத்தில் இருந்ததுதான். 'பரீட்சைக்கு வராது' என்று பேராசிரியர் தள்ளிவிட்ட அத்தியாயம். டாக்டர் நல்ல மாணவர், அவரும் தள்ளிவிட்டார்.

சில நாளில் கால் நாற்றமெடுத்தது. தையல் மட்டும் அச்சடித்ததுபோல் இருந்தது. பிரித்துப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. இனியும் விட்டால் ஆளும் போய்விடுவார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமென்றால், பாலம் உடைந்து கிடந்தது.

"நான் தைச்சிருக்கக் கூடாது. என் தப்பு," என்றார் டாக்டர். "காலை எடுக்கணும்."

"அப்புறம் ஏன் தைச்சீங்க?" என்றார் ஹாரன்.

"அழகா இருக்கும்னு."

ஹாரன் தலையைத் தூக்கிக் காலைப் பார்த்தார். "அழகாத்தான் இருந்துச்சு," என்றார். "சரி, எடுங்க. ஆளையாவது விட்டுவைங்க."

மச்சத்தைவிடப் பெரிதாக எதையும் வெட்டியிராதவர் காலை வெட்டினார். இந்த முறை தைத்து மூடவில்லை. பார்க்கச் சகிக்காத காயம். ஆள் பிழைத்தார். அதன்பிறகு அந்தக் கீழ்த்தளத்தில் அழகான தையல் ஒன்றுகூட விழவில்லை. உயிரோடு வெளியே போனவர்கள் அதிகமானார்கள்.

போர் முடிந்ததும் அரசாங்கம் பதக்கம் கொடுத்தது. மாநாட்டிலிருந்து ஒருவழியாகத் திரும்பியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள். டாக்டர் பருக்களுக்குத் திரும்பினார்.

துக்கம் கேட்டவர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகும் ஹாரன் போகவில்லை. செயற்கைக் காலை நீட்டியபடி நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார்.

"என்ன மாமா, தண்ணி வேணுமா?"

"வேணாம்மா. கால் அரிக்குது."

"எந்தக் கால்?"

"இல்லாத கால்தான். உங்க அப்பாகிட்டயும் சொன்னேன். படிச்ச படிப்புல இதுக்கு மருந்தே இல்லன்னுட்டாரு. அப்புறம் என்ன தோணுச்சோ, இருக்கிற கால்ல அதே இடத்தைச் சொறிஞ்சு விட்டாரு. நின்னுபோச்சு! அதுலேர்ந்து அரிச்சா அவர்கிட்டதான் போவேன். நானே சொறிஞ்சா நிக்க மாட்டேங்குது, என்ன கருமமோ."

மகள் தரையில் உட்கார்ந்து அவருடைய கால்சட்டையை இடது பக்கம் மடித்துவிட்டாள்.

"நீ டாக்டர் இல்லையேம்மா."

"இன்ஜினியர் மாமா."

"பரவால்ல. உங்க அப்பா மட்டும் கால் டாக்டரா என்ன? கொஞ்சம் கீழ... இன்னும் கீழ. ஆங், அங்கதான்."

காலையிலிருந்து வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது. கை நின்றது.

"அழறதுன்னா அழும்மா," என்றார் ஹாரன். "சொறியறதை நிறுத்தாத."