குழந்தைக்கு இரங்காதவர், குழாய்க்கு ஓடி வந்தார்!

மொன்றியலின் கடுங்குளிரில் எங்கள் வாடகை வீட்டு ஹீட்டர் நின்றுபோனது. வீட்டுச் சொந்தக்காரர் பக்கத்து நகரமான லவாலில் இருக்கும் தமிழர்தான். "அண்ணை, கைக்குழந்தை குளிரில நடுங்குது" என்று போனில் அழுதேன்.

"கம்பளியால சுத்தி வையுங்கோ தங்கச்சி, பேந்து பாப்பம்" என்றார். மறுநாளும் அதே பதில். குழந்தைக்கு இருமல் தொடங்கிவிட்டது.

என் கணவர், "அந்தாளிட்ட பிள்ளையைப் பற்றிக் கதைச்சுப் பிரயோசனமில்லை. தண்ணிப் பைப் உறைஞ்சு வெடிச்சா வீடு பழுதாப்போகும் எண்டு நீர் சொல்லும்" என்றார்.

அப்படியே சொன்னேன். ஒரு மணி நேரத்துக்குள் திருத்துகிற ஆளோடு வந்து நின்றார்! இருமிய குழந்தையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், குழாயைத்தான் தடவிப் பார்த்தார். வீடு சூடாகியும் என் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

இப்போதெல்லாம் யாரிடமும் கெஞ்சுவதில்லை. எதைச் சொன்னால் கேட்பவருக்கு உறைக்கும் என்று யோசித்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.