றெஜினா அக்கா எழுத மறுத்த சிபார்சு

கிளினிக்கைத் திறந்து விளக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது றெஜினா அக்காவின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "அக்கா எங்களை விட்டுப் போட்டா, சுகந்தி. விடியப்புறம் ஹார்ட் அற்றாக்," என்றார். வாசலில் நோயாளிகள் குளிரில் நின்றார்கள். அழுவதற்கு முன் அவர்களை உள்ளே விட வேண்டியிருந்தது. எங்கள் வெக்ஸ்போர்ட் பகுதியில் டொக்டர் றெஜினாவிடம் மருந்தெடுத்த உங்களில் பலருக்கு அன்று செய்தி சொன்னவள், வரவேற்பு மேசையில் இருக்கும் நான்தான். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி வாய் களைத்துவிட்டது. அந்தக் களைப்போடுதான் இதை எழுதுகிறேன்.

அக்கா மன்னாரிலிருந்து சிறுபிள்ளையாக இந்த நாட்டுக்கு வந்து, இதே நகரத்தில் பார்க்டேல் பக்கம் வளர்ந்தவர். இங்குள்ள மருத்துவக் கல்லூரிகள் அவரை எடுக்கவில்லை. கறுப்பின மாணவர்களுக்கு மற்றக் கதவுகள் பூட்டியிருந்த காலத்தில், அவர்களுக்கென்றே அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஒரு கல்லூரி எடுத்தது. அவருடைய தகப்பனோ "மகள் அமெரிக்காவில படிக்கிறா" என்பதோடு நிறுத்திக்கொள்வாராம். ஒரு கலியாண மண்டபத்தில் அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி, "கறுப்பு ஆக்களின்ர கொலிஜ் எண்டு முழுசாச் சொல்லுங்கோ அப்பா. அவை எடுக்காட்டி உங்கட மகள் டொக்டரே இல்லை," என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு தகப்பன் தன்னைக் கலியாண வீடுகளுக்குக் கூட்டிப்போகப் பயந்தார் என்று அக்கா சொல்லிச் சிரிப்பார்.

காலம் மாறியது. அந்த மாதிரிக் கல்லூரிகள் மற்ற இனத்தவரையும் சேர்க்கின்றன என்ற கதை பரவியதும், முன்பு அந்தக் கல்லூரியின் பேரைக் கேட்டு முகம் சுளித்த எங்கள் ஆட்களே மோர்னிங்சைட் பக்கமிருந்து குடும்பமாக வந்து இறங்கினார்கள். சிபார்சுக் கடிதம் கேட்பதற்குப் பிள்ளையோடு தாய், தகப்பன், பெரியப்பா, ஒரு பெட்டி மட்டன் றோல்ஸ்! "அங்க போட்டி குறைவாமே, டொக்டர்?" என்று பெரியப்பாதான் தொடங்குவார்.

"குறைவெண்டு ஆர் சொன்னது? எங்கட பிள்ளையளுக்கும் அங்க இடம் இருக்கு, அண்ணை. ஆனா உது ஆர் கட்டின வீடு, ஆருக்காகக் கட்டினது எண்டு தெரிஞ்சுதான் உள்ள போகவேணும்," என்பார் அக்கா. சிலருக்கு எழுதினார், சிலருக்கு மறுத்தார். றோல்ஸ் எப்போதும் எங்கள் மேசைக்குத்தான் வந்தது.

என் மகள் அபி அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க விரும்பியபோது நான் கவலைப்படவில்லை. கோடை விடுமுறைகளில் எங்கள் கிளினிக்கிலேயே தொண்டு செய்தவள் அவள். அக்கா அவளை முன்னால் இருத்தி ஒன்றே ஒன்று கேட்டார். "ஒவ்வொரு கிழமையும் பிறஷர் பாக்க வாற ஜமெய்க்கன் அம்மா, ஊதாத் தொப்பி போடுறவ. அவவின்ர பேர் என்ன?"

அபிக்குத் தொப்பி தெரிந்திருந்தது, பெயர் தெரியவில்லை. எங்கள் தமிழ் அன்ரிமாரின் முழங்கால் நோவு, மருமகள் பிரச்சினை எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கறுப்பின நோயாளிகளில் ஒருவரின் பெயரைக்கூட அவளால் சொல்ல முடியவில்லை.

"இந்த முறை எழுதமாட்டன், பிள்ளை," என்றார் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் இந்த மேசையில் குந்தியிருந்ததற்கு இதுதானா மரியாதை? வேலையைச் செய்தேன், அக்காவோடு சேர்ந்து சாப்பிடுவதை விட்டேன். அபி என்னைப்போல் கோபிக்கவில்லை. அடுத்த கோடையில் வந்து, நோயாளிகள் இருக்கும் பக்கம் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டாள். அந்த ஜமெய்க்கன் அம்மா தன் கணவர் இறந்த கதையை அவளுக்குச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். அந்த வருடம் நாங்கள் கேட்காமலே அக்கா கடிதம் எழுதினார். நல்லதாகத்தான் எழுதியிருந்தார்.

கல்லூரி அபியை எடுக்கவில்லை.

அன்று அக்காவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். "பெயரெல்லாம் பாடமாக்கி என்ன கண்டனாங்கள், அக்கா?" என்று கேட்டேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்தார். அவரும் களைத்துப்போய்த்தான் இருந்தார். "அந்த இடம் கிடைச்ச பிள்ளை ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது, சுகந்தி. அந்தப் பிள்ளைக்கும் ஒரு அம்மா இருப்பா. அவவும் உம்மைப்போல எத்தினை வருசம் காத்திருந்தாவோ," என்றார். எனக்கு அப்போது மனம் ஆறவில்லை. உண்மையைச் சொன்னால், இன்றும் முழுதாக ஆறவில்லை.

அபி மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. சாமி விளக்கேற்றி அவளுக்கு இடம் கேட்கத் தொடங்கினால், முகம் தெரியாத அந்த இன்னொரு தாய் என் பக்கத்தில் வந்து நிற்கிறாள். அவளைத் தள்ளிவிட்டுக் கும்பிட எனக்கு இப்போது முடிவதில்லை. றெஜினா அக்கா எனக்கு விட்டுப்போனது இதுதான். நான் கேட்டு வாங்கியதல்ல. திருப்பிக் கொடுப்பதற்கு இனி அவரும் இல்லை.