பகலில் நிறுத்தி வைத்த மோட்டார்

மீன் தீனி டப்பாவைத் திறந்ததும் காய்ந்த இறாலும் பழைய மாவும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறும். எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அது விரலை விட்டுப் போகாது. மத்தியானச் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோகும்போது மறுபடி வரும். ஆறாம் வகுப்பு முடிந்து ஏழாவது தொடங்கவிருந்த அந்தக் கோடை விடுமுறை முழுவதும் என் வலது கை அப்படித்தான் மணத்தது.

அப்போது நாங்கள் கும்மிடிப்பூண்டியில், கம்பெனிகள் நெருங்கி நிற்கும் பக்கத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஷீட்டுக் கூரை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அப்பாவை நான் "நைனா" என்றுதான் கூப்பிடுவேன். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருந்ததால் எங்கள் வரிசையில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நைனாவுக்கு இரும்புக் கம்பி உருட்டும் ஒரு மில்லில் வேலை, பெரும்பாலும் "நைட் ஷிப்ட்". அம்மா மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் கம்பெனிக்குக் காலையில் வேனில் போய் இருட்டும் நேரத்தில் திரும்புவாள். நைனா வேலை முடிந்து வந்து "நாஷ்டா" தின்றுவிட்டுப் பாயில் சாய்வதற்கும் தெருமுனையில் அம்மாவின் வேன் வந்து நிற்பதற்கும் சரியாக இருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டே அம்மா தினமும் அதையே சொல்லிவிட்டுப் போவாள்: "ஸ்டெல்லா, நைனா தூங்கிக்கினு கீறாரு. சத்தம் கித்தம் போடாத."

ஒரே அறை, அதை ஒட்டி ஒரு சின்னச் சமையல்கட்டு, அவ்வளவுதான் வீடு. அதனால் பாத்திரத்தின் மேல் மூடியை ஓசையில்லாமல் வைக்கவும், தாழ்ப்பாளைத் துணி சுற்றிய விரலால் நகர்த்தவும், இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளவும் பழகியிருந்தேன். டிவியை ஒலியை முழுவதும் குறைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். வரிசையில் இருந்த பிள்ளைகள் முதலில் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். நான் உதட்டில் விரல் வைத்துக் காட்டிக் காட்டி, கடைசியில் அவர்கள் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

ஒரு நாய்க்குட்டி வேண்டும் என்று கேட்டேன், பிறகு கிளி கேட்டேன். "நாய் கொரைக்கும், கிளி கத்தும், அவரு எப்டி தூங்குவாரு?" என்று அம்மா முடித்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எங்கேயோ போன நைனா, திரும்பி வரும்போது கையில் கண்ணாடித் தொட்டியும், தண்ணீர் நிரப்பிக் கட்டிய பாலித்தீன் பையில் மீன்களும் கொண்டுவந்தார். இரண்டு தங்க மீன், சில கறுப்பு "மோலி", விரல் நுனி அளவு "கப்பி"கள். "இதுங்க வாயத் தொறக்கும், ஆனா சத்தம் வராது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நைனா சிரிப்பது அபூர்வம்.

மீன் வளர்ப்பது பார்ப்பதற்குத்தான் சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை. எங்கள் போர்வெல் தண்ணீரைப் பிடித்தவுடன் ஊற்றினால் மீன் செத்துவிடும். முதல் நாளே வாளியில் பிடித்து வைத்து, அடியில் துரு படிந்த பிறகு மேல் தண்ணீரை மட்டும் மொண்டு ஊற்ற வேண்டும். தொட்டித் தண்ணீரை முழுவதுமாக மாற்றவும் கூடாது. ரப்பர் டியூபை வாயில் வைத்து உறிஞ்சி, கசப்புத் தண்ணீர் நாக்கில் படுவதற்குள் கீழே விட்டு, அடியில் கிடக்கும் அழுக்கை மட்டும் இழுத்தெடுக்க வேண்டும். தீனி ஒரு சிட்டிகை கூடிப்போனாலும் மறுநாள் தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கிவிடும். உடம்பில் வெள்ளைப் புள்ளி கண்டால் கொஞ்சம் கல்லுப்பு. இதையெல்லாம் நைனா கடைக்காரரிடம் கேட்டு வந்து சொன்னார், மிச்சத்தை மீன்கள் செத்துச் செத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தன.

தொட்டிக்குள் காற்று விடுவதற்கு ஒரு சின்ன மோட்டார் இருந்தது. அது ஓடினால் மேசையும் சேர்ந்து உறுமும். முதல் நாளே அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். "இது ஒரு பேஜாரு. நைனா எந்திரிச்சப்பறம் போட்டுக்க." ஆகவே பகல் முழுவதும் மோட்டார் கிடையாது. வெயில் ஏற ஏற, ஷீட்டுக்குக் கீழே அந்த அறை வெந்து, மத்தியானத்தில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நான் ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, சத்தம் வராமல் கண்ணாடிச் சுவரை ஒட்டி மெல்ல மெல்ல வழிய விடுவேன். கை வலித்தால் மறு கை. அந்த நேரத்தில் மீன்களிடம் பேசவும் செய்வேன், உதடு மட்டும் அசைய. யாரோடும் பேசாத நாட்கள் அந்த விடுமுறையில் நிறைய.

ஒருநாள் கரண்ட் போனது. மின்விசிறி நின்றும் நைனா புரளாமல் தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக வெயில் நேராகத் தொட்டியின் மேல் விழ, தண்ணீர் தொட்டால் வெந்நீர் மாதிரி இருந்தது. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, தொட்டியைத் தூக்கி நிழல் பக்கம் நகர்த்தப் போனேன். ஈரக் கை வழுக்கிவிட்டது.

நைனாவின் தலைமாட்டுக்கு ஒரு கை தூரத்தில்தான் அது விழுந்து உடைந்தது. அப்படி ஒரு சத்தத்தை அந்த வீடு கேட்டதே இல்லை. இரண்டு வீடு தள்ளி இருந்த அக்கா ஓடிவந்து கதவைத் தட்டினாள். "ஸ்டெல்லா, இன்னா வுழுந்துச்சி?" அடி விழப்போகிறது என்ற பயத்தில், "ஒண்ணும் இல்லக்கா, குடம் வுழுந்துச்சி" என்று கதவைத் திறக்காமலே சொல்லி அனுப்பினேன். பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். நைனா தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

"நைனா" என்றேன். அவர் அசையவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன், பிறகு கத்தினேன். பரவிய தண்ணீர் பாயில் ஏறி அவர் முழங்கையை நனைத்த பிறகுதான் விழித்தார். எழுந்தவர் முதலில் மீன்களைத்தான் பார்த்தார். வாளியை இழுத்து, கண்ணாடிக்கு நடுவிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். அது அடிக்குப் பயந்து அழுகிற அழுகை இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எவ்ளோ நேரமா கூப்ட்ட?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"மெசின் பக்கத்துல நின்னு நின்னு காது கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சி. மூஞ்சப் பாத்துப் பேசினா புரியுது, சமாளிச்சிக்கினு கீறேன்" என்றார். பிறகு, "அம்மாகிட்ட சொல்லாத. தெரிஞ்சா வேலைய வுடச் சொல்லும். எனக்கு வேற இன்னா வேல தெரியும்?" என்றார். சர்ச்சில் எல்லோரும் எழுந்த பிறகே அவர் எழுந்து நிற்பதும், அம்மா சமையல்கட்டிலிருந்து கேட்கும் கேள்விகளுக்குப் பேசாமல் இருப்பதும், அதை அவள் கோபம் என்று எடுத்துக்கொள்வதும் எனக்கு அப்போதுதான் வரிசையாக நினைவுக்கு வந்தன.

பிழைத்த மீன்களை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் விட்டோம். மறுநாள் அம்மா வேன் ஏறியதும் நான் மோட்டாரைப் போட்டேன். மேசை உறுமியது, நைனா தூங்கினார், மீன்கள் மேலே வராமல் அடியிலேயே சுற்றின. டிவியின் ஒலியைக்கூடக் கொஞ்சம் கூட்டினேன். ஆனால் சந்தோஷமாக இல்லை. அதுவரை நான் வாயை மூடிக்கொண்டிருந்தபோது, மூடிக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும் என்ற நினைப்பாவது இருந்தது. அதன்பிறகு அந்த அறையில் நான் மட்டும் இருப்பதுபோல ஆகிவிட்டது.

சாயங்காலம் ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன் நைனாவும் என்னோடு உட்கார்ந்து தண்ணீர் மாற்றத் தொடங்கினார். மோட்டார் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள உள்ளங்கையைத் தொட்டியின் மேல் வைத்துப் பார்ப்பார். அதிர்வு தெரிந்தால் தலையை ஆட்டுவார். நான் அவர் முகத்துக்கு நேராக வந்து ஒவ்வொரு சொல்லாகப் பேசுவேன். அம்மா வந்தால் இருவரும் அந்தப் பேச்சை நிறுத்திக்கொள்வோம்.

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. பிறகு ஒருநாள் ரோட்டோரத்தில் பின்னால் எடுத்த லாரியின் ஹாரன் கேட்காமல், அதில் இடிபட்டு நைனாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவருக்குப் பின்னால் நின்று கேட்ட கேள்வி எதற்கும் அவர் பதில் சொல்லவில்லை. அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அதிர்ச்சியடையாததிலிருந்து, எனக்கு முன்பே தெரியும் என்பதும் அவளுக்குத் தெரிந்துபோனது. சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?" என்றாள். அதை யாரிடம் கேட்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த அந்த வாரத்தில் யாரும் தண்ணீர் மாற்றவில்லை. கடைசியாக மிஞ்சியிருந்த தங்க மீன் மிதந்தது.

நைனா அதன்பிறகு மில்லுக்குப் போகவில்லை. இப்போது நாங்கள் திருநின்றவூரில் ஒரு பிளாட்டில் இருக்கிறோம். நான் தினமும் ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறேன். காது மெஷின் வாங்கிக் கொடுத்தேன், இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். போன வருடம் ஒரு கல்யாணத்துக்காகக் கும்மிடிப்பூண்டி போனபோது, நானும் அவரும் மட்டும் அந்தப் பக்கம் நடந்தோம். வரிசை வீடுகள் ஒன்றுகூட இல்லை. முழு இடத்தையும் மதில் கட்டி வளைத்து ஒரு பெரிய குடோன் நின்றது. கேட் அருகில் வடநாட்டு வாட்ச்மேன் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீடு எந்த இடத்தில் இருந்தது என்று மதிலை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை.

நைனா என் முகத்தைப் பார்த்து, "எதுனா சொன்னியா?" என்று கேட்டார்.

"இல்ல நைனா."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருவரும் ஸ்டேஷனைப் பார்க்க நடந்தோம்.